180 ரூபாய் ஜாக்கெட்டும் பிய்ந்த சோலும்

வெள்ளியங்கிரிக்கு முதல் தடவை போனபோது நான் போட்டிருந்தது ஜீன்ஸும் கனமான காட்டன் டீசர்ட்டும். நான் திருப்பூர்க்காரன். வீட்டில் மூன்று பேர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். காட்டனைத் தவிர வேறெதையும் துணி என்றே ஒப்புக்கொள்ளாத குடும்பம்.

மார்ச் மாதம். மலையடிவாரத்துப் பூண்டியில் இரவு பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தோம். கையில் ஆளுக்கொரு மூங்கில் தடி. முதல் மலையின் படிகளே ஆளை உரித்துவிடும். கைதட்டிச் சுனை வருவதற்குள் என் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும் போலிருந்தது. ஏறுகிற சூட்டில் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. உச்சியான ஏழாவது மலையில் விடியக் காத்திருந்து நின்றபோதுதான் வினை. காற்று ஒரு பக்கமாக அடிக்க, ஈரச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் வேட்டியும் கம்பளியுமாக வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அந்தச் சட்டையக் கழட்டிப் போடுங்க சாமி. ஈரத்தோட நின்னா அப்படித்தான்."

அந்த மலையில் எல்லாரும் எல்லாருக்கும் சாமிதான். குளிரில் சட்டையைக் கழற்றுவதா என்று தயங்கினேன். அவரே தன் பையிலிருந்து காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். சட்டையை உருவிவிட்டு அதைப் போர்த்திக்கொண்டேன். இரண்டு நிமிஷத்தில் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. சல்லடை மாதிரி இருந்த அந்தத் துண்டு, கனத்த சட்டை செய்யாத வேலையைச் செய்தது.

காரணத்தைப் பிற்பாடு மாமாதான் சொன்னார். அம்மாவின் தம்பி, பனியன் கம்பெனியில் துணியின் குறை பார்க்கும் செக்கிங்கில் முப்பது வருஷம் இருந்தவர். பஞ்சு நூல், சும்மா அலமாரியில் கிடக்கும்போதே காற்றிலிருந்து தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வியர்வை வந்தால் காட்டன் அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும், காய நேரமாகும். சித்திரை வெயிலில் ஊருக்குள் அது சுகம். மலை உச்சிக் காற்றில் அதே ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். "நீ தண்ணிய உடுத்திட்டு நின்னிருக்க மாப்ள," என்றார் மாமா. கம்பளி என்றால் இன்னும் அதிக ஈரம் இழுக்கும், ஆனால் நனைந்தாலும் உள்ளே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரியவர் கம்பளியோடு வந்தது பழக்கமா, கணக்கா தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அடுத்த மலைக்கு ஒழுங்காகத் தயாராகலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு பெரிய மாலுக்குப் போனேன். மலையேற்றச் சாமான்களுக்கென்றே தனிக் கடை. ஷூ, ஜாக்கெட், பேண்ட், முதுகுப் பை, மழைக்கோட்டு என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். 22,000 ரூபாய் சொச்சம் வந்தது. அப்போது என் மாதச் சம்பளம் 24,000. ஒரு ஜோடி சாக்ஸை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, அதன் விலையையும் பார்த்துவிட்டு, ஏசியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

"இவ்வளவு காசா? நாளைக்குக் காலைல காதர்பேட்டைக்கு வா," என்றார் மாமா.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காதர்பேட்டை, திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஏற்றுமதிக்குத் தைத்து, ஏதோ காரணத்தால் கப்பல் ஏறாமல் நின்றுபோன துணிகள் வந்து குவிகிற கடைத்தெரு. ஆர்டரை விடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டித் தைப்பது எல்லாக் கம்பெனியிலும் வழக்கம். சேதாரம் போக மீறுவது சர்ப்ளஸ். சாயம் ஒரு பொட்டு கூடக்குறைய இருந்தாலோ, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) குறைந்தாலோ, சரக்கு தேதிக்குப் போய்ச் சேராவிட்டாலோ மொத்த லாட்டும் திரும்பிவிடும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாம் செகண்ட்ஸ். சில கடைகளில் கிலோ கணக்கில் விற்பார்கள். கழுத்து லேபிளைக் கத்தரியால் பாதி வெட்டியிருந்தால் அது ஏற்றுமதிச் சரக்குக்கு அடையாளம் என்று வெளியூரில் இருந்து வருபவர்கள் நம்புகிறார்கள்.

மாமா அதைக் கேட்டுச் சிரிப்பார். லேபிள் ரோல் ரோலாகக் கிடைக்கிற ஊர் இது. அதைத் தைத்துவிட்டு வெட்டுவதற்கு எவ்வளவு நேரமாகும்? அதனால் அவர் லேபிள் பக்கமே போகமாட்டார். அன்றைக்குக் கடைக்காரர் சாம்பல் நிற ஃப்ளீஸ் (ரோமம் எழுப்பிய மெத்தென்ற துணி) ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டு, "ஒரிஜினல் எக்ஸ்போர்ட் பீஸுண்ணா, ஐரோப்பா சரக்கு," என்றார். மாமா பதில் பேசாமல் அதை உட்புறமாகத் திருப்பிப் போட்டார். அக்குளில் நான்கு தையல் வந்து கூடுகிற இடத்தில் இரண்டு கட்டை விரலையும் வைத்து இழுத்தார். நல்ல தையல் என்றால் நூல் பல் காட்டாது. தோள் தையலுக்குள் டேப் வைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஜிப்பை ஏழெட்டுத் தடவை மேலும் கீழும் ஓட்டினார். அரைவாசியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பிடித்து விரித்தார். விரியவில்லை. அப்புறம் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கடைக்காரரிடமே லைட்டர் வாங்கிக் கொளுத்தினார்.

இந்த நூல் பரீட்சை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பஞ்சு நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருண்டு, கரும்புகை விட்டு, நுனியில் கெட்டியான மணி போல உறையும். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம். 'கம்பளி கலந்தது' என்று சொல்லி விற்கும் பாதிச் சரக்கு இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். எங்கள் ஜாக்கெட் சுத்த பாலியஸ்டர், ஐரோப்பாவோ ஆனைமலையோ. எனக்கு வேண்டியதும் அதுதான்.

கடைசியாகத் துணியை வாயோடு அழுத்தி வைத்து ஊதினார். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தாராளமாக வந்தது. "காத்து உள்ள போகும். இது மட்டும் போட்டாப் பத்தாது, மேல ஒரு நைலான் போட்டுக்கணும்," என்றார். கடைக்காரர் 350 சொல்ல, மாமா 150-இல் ஆரம்பிக்க, 180-க்கு முடிந்தது. அதே தெருவில் காற்றைத் தடுக்கிற மெல்லிய நைலான் ஜாக்கெட் ஒன்று 220-க்கு. கை நீளம் மட்டும் எனக்கு நான்கு விரற்கடை அதிகம், வெள்ளைக்காரன் அளவு. வீட்டுக்குப் பக்கத்து டெய்லரக்காவிடம் கொடுத்துக் குறைத்துக்கொண்டேன். முழுக்கை பாலியஸ்டர் டீசர்ட் இரண்டு, வேகமாகக் காய்கிற டிராக் பேண்ட் ஒன்று. மொத்தம் ஆயிரத்தைத் தாண்டவில்லை.

ஃப்ளீஸ் இவ்வளவு மலிவாக இருப்பதற்கு ஒரு கதை உண்டு. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை உருவாக்கிய துணி அது. அதன் முதலாளி ஆரன் ஃபாயர்ஸ்டைன் வேண்டுமென்றே அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டார். அதனால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் தயாரித்து விற்கலாம் என்றானது. மழை ஜாக்கெட்டின் கதை இதற்கு நேரெதிர். 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் குச்சியைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, நீரை விடாமல் ஆவியை மட்டும் விடுகிற சவ்வு கிடைத்தது. அதுதான் கோர்டெக்ஸ். அது பல காலம் காப்புரிமைக்குள் இருந்தது. இன்றைக்கும் அந்த வகை ஜாக்கெட் என்றால் விலைச்சீட்டில் ஐந்து இலக்கம் சாதாரணம்.

என் அபிப்பிராயத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தச் செலவு தண்டம். உள்ளே இருக்கும் வியர்வை ஆவி வெளியே போக வேண்டுமானால், வெளிக்காற்று உள்ளே இருப்பதை விடக் காய்ந்திருக்க வேண்டும். வால்பாறை மழையில் காற்றே நனைந்த துணி மாதிரி இருக்கும்போது எந்தச் சவ்வு எங்கே போய் ஆவியை விடும்? எதைப் போட்டாலும் உள்ளே நனையத்தான் போகிறோம். அங்கே தேயிலை பறிப்பவர்கள் தலையோடு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். எங்கள் பாட்டி காலத்தில் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள், கொங்காடை என்று பெயர். கீழே திறந்திருப்பதால் காற்று போய் வரும். நான் அதே யோசனையில் விவசாயச் சாமான் கடையில் மெல்லிய தார்ப்பாய் வாங்கி, நடுவில் தலைக்கு ஓட்டை போட்டு, ஓரம் மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன். இரவில் அதுவே தரைவிரிப்பு. காடு அடர்த்தியில்லாத நேரான பாதை என்றால் குடையே போதும். குடையோடு மலையேறுபவனைப் பார்த்துச் சிரித்தவர்களை அரை மணி நேரம் கழித்து மழையில் பார்த்திருக்கிறேன்.

பைக்குள் தண்ணீர் போகாமல் இருக்கத் தனி உறை வாங்கியதில்லை. பனியன் பேல் கட்டும் தடித்த பாலிதீன் கவர் ஒன்றை முதலில் பைக்குள் விரித்து, சாமானை எல்லாம் அதற்குள் போட்டு, வாயை முறுக்கிச் செருகிவிடுவேன். மேலே போடும் உறையில் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். இதில் தண்ணீர் இறங்க வழியே இல்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காதர்பேட்டையில் ஆரஞ்சும் கிளிப்பச்சையும்தான் ரொம்ப மலிவு, ஊருக்குள் யாரும் போடமாட்டார்கள் என்பதால். பனிமலையில் தொலைந்துபோனவனைத் தேடுவதற்கு அது உதவும். யானை நடமாடுகிற காட்டுக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் வனத்துறை வழிகாட்டி முகத்தைச் சுளிப்பார். காக்கி, சாம்பல், மங்கிய பச்சை என்று தேடி எடுங்கள், இருபது ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. அப்புறம், நெருப்பு. குளிர்காயப் போய் உட்கார்ந்தபோது தெறித்த ஒரே பொறியில் என் ஃப்ளீஸின் இடது கையில் மிளகு அளவு ஓட்டை விழுந்துவிட்டது. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். லைட்டரில் சுருண்ட அந்த நூலை நினைத்துக்கொண்டு இப்போது நெருப்புக்குப் பக்கத்தில் போனால் மேலே ஒரு காட்டன் சால்வை.

இவ்வளவு சாமர்த்தியம் பேசுகிற நான் ஏமாந்த இடம் கால்.

ஷூவுக்கு மட்டும் மாமாவைக் கூட்டிப்போகவில்லை. வேறு ஊரில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஷூக்களைக் குவித்து வைத்து விற்கிற ஒரு கடையில் தோல் பூட்ஸ் ஒன்று கிடைத்தது. கணுக்கால் வரை உயரம், தடித்த சோல், கீறல்கூட இல்லை. 900 ரூபாய். புதிதாக வாங்கினால் பத்தாயிரம் ஆகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். 2024 கடைசியில், தமிழக அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கிய புதிதில், டாப்சிலிப் பக்கம் போக நண்பர்களோடு பதிவு செய்திருந்தோம். சேத்துமடை தாண்டும் வரை அந்தப் பூட்ஸைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே வந்தேன்.

நடக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம் இருக்கும். முந்தின நாள் மழை, தரை சொதசொதவென்று இருந்தது. வலது கால் திடீரென்று லேசானது போலிருந்தது. குனிந்து பார்த்தால் சோல், முன்னாலிருந்து பாதி வரை முதலை வாய் போலத் திறந்திருக்கிறது. கையால் தொட்டேன். தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் இருந்த மெத்தை, ஈரமான ரவை மாதிரி உதிர்ந்து விரலோடு வந்தது. பத்து நிமிஷத்தில் இடது காலும் அதையே செய்தது.

அந்த நடுமெத்தை பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் அதன் கட்டமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். போட்டு நடந்தால்தான் தேயும் என்றில்லை, பெட்டிக்குள் புத்தம் புதிதாக இருந்தாலும் சில வருஷங்களில் உள்ளுக்குள் பொடியாகிவிடும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம் ஊர் கிடங்கில் இன்னும் சீக்கிரம். பழைய பைகளின் உட்புறப் பூச்சு பிசுபிசுவென்று ஒட்டுமே, அதுவும் இதே வியாதிதான். கீறலில்லாத பழைய ஷூ என்றால் பல வருஷம் சும்மா கிடந்தது என்று அர்த்தம், அதைப் போய் அதிர்ஷ்டம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது பழைய ஷூ எதைப் பார்த்தாலும் நாக்கின் உள்பக்கச் சீட்டில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கிறதா என்று பார்ப்பேன். நடுமெத்தையில் நகத்தை அழுத்துவேன். பள்ளம் மீளாமல் நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ கீழே வைத்துவிடுவேன்.

எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒன்றும் சொல்லாமல் தன் பையிலிருந்து நைலான் கயிறு எடுத்து, இரண்டு பூட்ஸையும் பார்சல் கட்டுவது போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கொடுத்தார். அவர் காலில் இருந்தது பச்சைக் கேன்வாஸ் ஹன்டர் ஷூ. என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"இது நானூறு ரூபாங்க சார். நனைஞ்சா நனையும், வெயில்ல வெச்சாக் காஞ்சிரும். எங்களுக்கு ஒரு வருசம் வரும்."

நேபாளத்தில் மூட்டை சுமக்கும் மலைக் கூலிகள் காலிலும் இதே ஜாதி ஷூதான், கோல்ட்ஸ்டார் என்று அந்த ஊர்த் தயாரிப்பு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் மாவோயிஸ்ட் கெரில்லாக்கள் விரும்பிப் போட்டதால், அதைப் போட்டிருந்தாலே போலீஸ் சந்தேகப்படுகிற அளவுக்குப் பேர் வாங்கிய ஷூ. மலையில் பிழைப்பு நடத்துபவர்களின் கால் எங்கே போனாலும் ஒரே மாதிரி யோசிக்கிறது.

நான் இப்போது ஹன்டர் ஷூவுக்கு மாறிவிட்டேன். வாங்கின அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கும் ஐயாவிடம் கொடுத்து, சோலைச் சுற்றி முழுக்கத் தையல் போட்டு வாங்கிவிடுவேன். மெழுகு தேய்த்த நூலில், ஊசியால் ரப்பரைத் துளைத்து, முக்கால் மணி நேரம். 120 ரூபாய். கால் வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில், தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது முக்கியம். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்தால் நகம் கறுத்துவிடும், எனக்குக் கறுத்தது. உள்ளே இருக்கும் அட்டை வெறும் காகிதம் போலத்தான் இருக்கும், தனியாக நல்ல மெத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலி இருப்பவர்கள், கனம் சுமக்கிறவர்கள் இதில் நடக்க வேண்டாம். நல்ல ஷூவுக்கே காசு போடுங்கள். காதர்பேட்டையில் மிச்சம் பிடித்தது அதற்குத்தான்.

டாப்சிலிப்பில் ரத்தம் குடிக்கும் அட்டைத் தொல்லை வேறு. சாக்ஸ் என்பது பின்னல் துணி, வளையம் வளையமாக ஓட்டை. எங்கள் ஊரே பிழைக்கிற அந்தப் பின்னல், அட்டைக்குக் கதவு திறந்த வீடு. அன்றைக்குக் கணுக்காலில் பதினொன்று எண்ணினேன். வந்ததும் காடா துணி இரண்டு மீட்டர் வாங்கினேன். சோமனூர், பல்லடம் பக்கம் தறியில் ஓடுகிற, வெளுக்காத முரட்டுத் துணி. இழை நெருக்கமாக இருப்பதாகப் பார்த்து. டெய்லரக்காவிடம் அளவு சொன்னேன். முழங்கால் வரை நீளம், பாதம் மாதிரி வளைவு, மேலே நாடா.

"என்ன தம்பி இது, யானைக்கு சாக்ஸா?" என்றார்.

சாக்ஸுக்கு மேல் அதைப் போட்டு, பேண்டின் அடியை உள்ளே விட்டு, நாடாவை முழங்காலுக்குக் கீழே கட்டி, அப்புறம் ஷூ. துணியும் தையலும் சேர்த்து ஜோடி 90 ரூபாய் ஆனது. வெளிறிய துணி என்பதால் அட்டை ஏறுவது கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். நண்பர்கள் நான்கு பேர் கேட்டு வாங்கிப் போனார்கள். அக்கா இப்போது அளவே கேட்பதில்லை.

விளையாட்டு, மலையேற்றச் சாமான் விற்கும் டெகாத்லான் கடை இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அவர்களுடைய சின்ன முதுகுப் பை இல்லாத டவுன் பஸ்ஸைக் காட்டுங்கள் பார்ப்போம். தலையில் மாட்டும் டார்ச் அங்கேதான் வாங்கினேன். கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் தேவை என்பதால் வாடகை. இமயமலை போகிறவர்கள் பெரிய ஜாக்கெட்டை அங்கேயே போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஸ்வெட்டர், குல்லாய் என்றால் ஊட்டியில் திபெத்தியர் கடைகள் இருக்கின்றன. சரக்கு பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருவது. லைட்டரோடு போங்கள்.

போன சித்ரா பௌர்ணமிக்கு முந்தின வாரம் மாமாவும் வெள்ளியங்கிரிக்கு வந்தார். வேட்டி, துண்டு, வெறுங்கால். ஷூ போடச் சொன்னதற்கு, "சாமி மலைக்கா?" என்று ஒரே கேள்வி. ஏழாவது மலையில் காற்று பிடித்துக்கொண்டதும் நான் ஈரச் சட்டையை மாற்றிவிட்டு, ஃப்ளீஸைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். மறுக்காமல் போட்டுக்கொண்டார். கிழக்கே வெளுத்து, ஆள் முகம் தெரிய ஆரம்பித்ததும் அதைக் கழற்றி, பழக்க தோஷத்தில் உட்புறமாகத் திருப்பினார். வலது பக்கப் பாக்கெட்டின் ஓரத்தில் விரலை வைத்து அங்கேயே நிறுத்தினார்.

"இங்க ரெண்டு தையல் விட்டிருக்கு மாப்ள. அன்னிக்குப் பாக்காமப் போயிட்டனே. இன்னும் முப்பது ரூபா கொறைச்சிருக்கலாம்."